நெய்தலின் குரலைப் பதிவோர் எவர்?

ஆந்தை அலறும், கூகை குழறும், மயில் அகவும், புறா குனுகும், காக்கை கரையும், எருது எக்காளமிடும், வண்டு முரலும். தமிழ்நாட்டுப் பள்ளிகளில் ஒலிமரபு என்னும் தலைப்பின்கீழ் மாணாக்கர் நெட்டுருச் செய்யும் பகுதி இது. தேர்வில் ஓரிரு மதிப்பெண்ணுக்குரிய வினா. இராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் பயிலும் பிள்ளைகளும் இதனைப் பிழையின்றி எழுதிவிடுகின்றனர். ஆனால் கூகை குழறுவதை அப்பிள்ளைகளுள் எத்தனை பேர் தம் செவியாற் கேட்டிருப்பர்? எருதின் எக்காளத்தை எத்தனை பேர் அறிவர்? ஒலியைக் கேளாமல் ஒலிச்சொல்லை மட்டும் எழுதிக் காட்டுவது, உண்ணாத பண்டத்தின் சுவையை ஏட்டில் எழுதுவது போன்றதேயாகும்.

இச்சொற்களை எவரும் அறைக்குள் அமர்ந்து ஆக்கவில்லை. ஆந்தையும் கூகையும் இரவில் இயங்குவன. இருளில் அவற்றின் உருவம் கண்ணுக்குப் புலப்படாது. ஒன்று அலறும், மற்றொன்று குழறும் என்று பிரித்துச் சொல்லுதற்கு, எத்தனையோ தலைமுறையாக உழவரும் ஆயரும் வேட்டுவரும் இருளுக்குச் செவிகொடுத்திருத்தல் வேண்டும். குக்குறுவான் என்னும் பறவைக்கு அதன் குரலே பெயராயிற்று. காக்கைக்கும் அவ்வாறே. சிலம்பன் என்னும் பறவைப் பெயர், ஒலித்தலைக் குறிக்கும் சிலம்பு என்னும் சொல்லை ஒட்டியது. கழிக்கரையில் ஆள் வருவதைக் கத்திக் காட்டிக்கொடுக்கும் பறவையை ஆள்காட்டி என்றனர். தமிழர் பறவைகளைக் கண்ணாற் கண்டு பெயரிட்டதைப் போலவே காதாற் கேட்டும் பெயரிட்டனர்.

இக்கேள்வியறிவைத் தமிழர் நூலாகவும் தொகுத்து வைத்தனர். ஆயிரம் ஆண்டுகட்கும் முற்பட்ட திவாகரம் என்னும் சொற்றொகுதி பன்னிரண்டு பகுதிகளைக் கொண்டது. மக்கட் பெயருக்கு ஒன்று, விலங்கின் பெயருக்கு ஒன்று, மரப் பெயருக்கு ஒன்று என வகுத்துச் செல்லும் அந்நூல், பத்தாவது பகுதியை ஒலி பற்றிய பெயர்களுக்கென்றே ஒதுக்கியது. ஒலியையும் தனியொரு பொருளாகக் கருதி, அதற்கொரு தொகுதி வகுத்த மொழி இது.

இன்னும் பின்னே சென்றால் தொல்காப்பியத்தின் திணைப்பாகுபாடு நிற்கின்றது. ஒரு நிலத்தை இன்ன நிலம் என்று அறியத் துணைசெய்யும் கருப்பொருள்களுள் விலங்கும் புள்ளும் பறையும் யாழும் அடங்கும். இந்நான்கும் ஒலிப்பவை என்பதை ஊன்றி நோக்குதல் வேண்டும். நெய்தலுக்கு மீன்கோட்பறையும் விளரியாழும், முல்லைக்கு ஏறுகோட்பறையும் எனப் பின்வந்த அகப்பொருள் நூலார் வகுத்துரைத்தனர். ஒரு நிலத்துக்கு மண்ணும் நீரும் மட்டுமல்லாமல், அதற்கேயுரிய ஒலியும் உண்டு என்பதே இதன் உட்கிடை. கனடா நாட்டு இசைவல்லார் முரே சேபர், ஊர்தோறும் தனித்தனி ஒலிச்சூழல் உண்டு என்னும் கருத்தை 1970-களில் உலகறியச் செய்தார். மேலையுலகம் அதனைப் புதுத்துறை எனப் போற்றியது. தமிழனுக்கோ அஃது இலக்கணத்தின் முதற்பாடம்.

பாடம் இருக்கின்றது, நிலமும் இருக்கின்றது. அந்நிலத்தின் ஒலி என்னாயிற்று என்பதே வினா.

வடசென்னையில் நேர்ந்தது

இராயபுரம் முதல் எண்ணூர் வரையிலான கரை தூய நெய்தல். கொற்றலையாறு கடலைச் சேருமிடத்தில் கழிமுகமும், அதையொட்டி உப்பளமும் சதுப்பும் அலையாத்தியும், வடமேற்கே பொன்னேரி வரை நெல்வயலும் அமைந்த நிலம். நெய்தலும் மருதமும் தோளுரசி நிற்கும் இத்தகைய நிலத்தில், கடற்பறவையும் வயற்பறவையும் மீனவர் கோழியும் உழவர் மாடும் ஒரே விடியலில் ஒலிக்கும். இப்பகுதியின் செம்மறியினம் ஒன்று சென்னைச் சிவப்பு என்று ஊர்ப்பெயராலேயே வழங்குகின்றது.

தென்னாட்டின் முதல் தொடர்வண்டி 1856-இல் இராயபுரத்திலிருந்துதான் புறப்பட்டது. இக்கரையில் எழுந்த முதற் பேரெந்திர ஒலிகளுள் அவ்வண்டியின் ஊதலும் ஒன்றென்க. அதன்பின் ஒன்றன்மேல் ஒன்றாக ஒலிகள் வந்து குவிந்தன. 1940-களின் இறுதியில் எண்ணூரில் ஊர்தி ஆலை. 1950-களில் திருவொற்றியூரில் ஈருருளி ஆலை. 1969-இல் அருகிலுள்ள மணலியில் எண்ணெய்த் தூய்விப்பு ஆலை. 1970-இல் எண்ணூர் அனல்மின் நிலையம். 1990-களில் வடசென்னை அனல்மின் நிலையம். 2001-இல் எண்ணூர்த் துறைமுகம். ஆலைச் சங்கு விடியலை அறிவிக்கத் தொடங்கியபின், சேவலின் கூவலைக் கேட்டு எழுவார் அருகினர்.

ஆலைகள் வேண்டா என்பது இதன் பொருளன்று. அவ்வாலைகளில் உழைத்தே வடசென்னையின் பல்லாயிரம் குடும்பங்கள் பிள்ளைகளைப் படிக்க வைத்தன. ஆலை வந்தபோது நிலத்தின் விலையைக் கணக்கிட்டனர்; நீரின் அளவைக் கணக்கிட்டனர்; கூலியைக் கணக்கிட்டனர். அந்நிலத்தில் அதுவரை என்ன ஒலித்தது என்பதைக் கணக்கிட வேண்டும் என்று மட்டும் எவருக்கும் தோன்றவில்லை. 1856-இல் அது இயலாது. ஒலியைப் பதியும் பொறியை எடிசன் ஆக்கியதே 1877-இல்தான். ஆனால் 1970-இல் ஒலிநாடா இருந்தது, பொறி இருந்தது, பொறியைக் கழிக்கரைக்குத் தூக்கிச்செல்லும் நாட்டம்தான் இல்லை.

இதில் இன்னொரு பாடமும் உண்டு. எண்ணூர் அனல்மின் நிலையம் 2017-இல் மூடப்பட்டது. நாற்பத்தேழு ஆண்டுகள் அதன் இரைச்சலுக்கு நடுவே பிறந்து வளர்ந்தோர்க்கு அவ்விரைச்சலே தாலாட்டாயிருந்தது. இன்று அதுவும் இல்லை. இயற்கையின் ஒலி மட்டுமன்று, எந்திரத்தின் ஒலியும் ஒருநாள் மறைந்தே போகும். மறையுமுன் பதிந்தவனுக்கே அது வரலாறு. பதியாதவனுக்கு வெறும் வாய்ப்பேச்சு.

பிறர் செய்ததும் பிறர்கையில் உள்ளதும்

உலகில் பதியப்பெற்ற முதற் பறவைக்குரல் என்று அறியப்படுவது எது என்பதைத் தமிழர் பலர் அறியார். 1889-இல் செருமனியின் பிராங்பர்ட்டு நகரில் உலூத்விக் கோக் என்னும் எட்டு அகவைச் சிறுவன், தந்தை வாங்கித் தந்த எடிசன் பொறியின் மெழுகுருளையில், கூண்டில் வளர்த்த பறவையொன்றின் குரலைப் பதிந்தான். அப்பறவை தமிழில் சோலைபாடி எனப்படும் இனத்தைச் சேர்ந்தது. மேற்குத்தொடர்ச்சி மலைக் காடுகளில் வாழ்வது. தமிழ்க் காட்டில் வாழும் பறவையினத்தின் குரல் ஐரோப்பியச் சிறுவன் ஒருவனின் மெழுகில் பதிவாயிற்று. அச்சிறுவனே வளர்ந்து, இட்லரின் கொடுமைக்குத் தப்பி இங்கிலாந்து சேர்ந்து, அந்நாட்டு வானொலியில் பறவைகளின் குரலை மக்களுக்குப் பழக்கினான்.

அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தார் 1929-இல் பறவைக்குரலைப் பதியத் தொடங்கினர். இன்று உலகின் மிகப்பெரிய இயற்கை ஒலிக் காப்பகங்களுள் ஒன்று அவர்களுடையது. 2005-இல் ஆலந்து நாட்டார் தொடங்கிய சீனோ கேண்டோ என்னும் இணையத் தொகுப்பில், உலகெங்கணும் உள்ள ஆர்வலர்கள் தாம் பதிந்த பறவைக்குரல்களைப் பொதுவில் இட்டு வருகின்றனர்.

தமிழ்மொழியின் ஒலிக்கும் இதே கதைதான். கிரியர்சன் தலைமையில் நடந்த மொழிக் கணக்கெடுப்பு சென்னை மாகாணத்தை விட்டுவிட்டது. ஆனால் அதன் தொடர்பில் 1913 முதல் 1929 வரை பதியப்பெற்ற ஒலித்தட்டுகளில் தமிழும் இடம்பெற்றது. நூறாண்டுக்கு முற்பட்ட தமிழர் நாவொலி இலண்டன் நகரின் பிரித்தானிய நூலகத்தில் வைத்துக் காக்கப்படுகின்றது. காத்தவர்க்கு நன்றி கூறுதல் தமிழர் பண்பு. எனினும் தன் பாட்டன் குரலைக் கேட்க அயலான் வீட்டுக் கதவைத் தட்டவேண்டிய நிலையை எண்ணி நாணுதலும் பண்பே. மாந்தன் குரலுக்கே இந்நிலை எனின், எண்ணூர்க் கழியில் கூவும் கம்புட்கோழிக்கும் சடையங்குப்பத்தில் கத்தும் ஆட்டுக்கும் யார் இடம் தருவார்?

பதிவதாற் பயன் என்ன?

பதிவு வெறும் பொழுதுபோக்கு என்பார்க்கு ஈழத்தை அடுத்த சிங்கள நாட்டிலிருந்தே ஒரு சான்று உண்டு. கித்துல்கலக் காட்டில் 1995-இல் தீபால் வரகாகொட என்னும் பறவையியலார் அதுவரை கேளாத ஓர் இரவுக்குரலைக் கேட்டார். குரலுக்குரிய பறவையைக் காண அவருக்கு 2001 வரை ஆயிற்று. 2004-இல் அஃது உலகம் அறியாத புதிய ஆந்தையினம் என நிறுவப்பட்டது. கண் ஆறாண்டு காணாததைக் காது முன்பே கண்டுவிட்டது. ஆந்தையையும் கூகையையும் குரலாற் பிரித்த பழந்தமிழ்ச் செவி செய்த பணியும் இதுவே.

ஒலி மாறுவதும் ஒரு செய்தியே. ஆலந்தின் இலைடன் நகரில் ஊர்தி இரைச்சல் மிக்க தெருக்களில் வாழும் சிறுபறவைகள், தம் பாட்டின் தாழ்ந்த ஒலிகளைக் குறைத்து உயர்ந்த ஒலியிற் பாடுகின்றன என்று 2003-இல் ஆய்வாளர் கண்டனர். தாழ்ந்த குரல் இரைச்சலில் அமிழ்ந்துவிடுவதே கரணியம். எண்ணூரிலும் திருவொற்றியூரிலும் சரக்குந்துகளின் இடையே வாழும் சிட்டும் குக்குறுவானும் தம் குரலை மாற்றிக்கொண்டனவா என்பதை எதை வைத்து அறிவது? முன்னைய பதிவு இருந்தாலன்றோ பின்னையதோடு ஒப்பிடலாம்?

ஒப்பிடுதல் எவ்வாறு என்பதற்கும் எடுத்துக்காட்டு உண்டு. சேபரின் குழுவினர் 1975-இல் ஐரோப்பாவின் ஐந்து சிற்றூர்களுக்குச் சென்று அவற்றின் ஒலிகளைப் பதிந்தனர். அவற்றுள் பிரான்சின் இலெசுகோனில் காசிமேட்டைப் போன்றதொரு மீன்பிடி ஊர். ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகட்குப்பின் பின்லாந்து ஆய்வாளர் அதே ஊர்களுக்குச் சென்று மீண்டும் பதிந்தனர். எந்த ஒலி நின்றது, எது மாறியது, எது புதிதாக வந்தது என்று இரண்டையும் அடுத்தடுத்து வைத்துக் கேட்கலாம். இலெசுகோனிலுக்குக் கிட்டிய அப்பேறு காசிமேட்டுக்கும் எண்ணூருக்கும் ஏன் கிட்டலாகாது?

இங்கு ஒரு தடை எழும். எண்ணெயும் சாம்பலும் சூழ்ந்த ஊரில் மக்கள் மூச்சுக்கே போராடும்போது, குருவிக் குரலைப் பதிவதா முதற்பணி என்று கேட்பர். கேட்பது முறையே. 2017 சனவரியில் இரு கப்பல்கள் மோதி எண்ணெய் இக்கரையிற் படிந்தது. மக்கள் வாளி கொண்டு அள்ளினர். 2023 திசம்பரில் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கழியிற் பரவியது. கூழைக்கடாக்களின் இறகுகள் கறுத்தன. அக்கறுத்த இறகை நாடே படத்திற் பார்த்தது. படம் இருந்தமையால் பேச்சு எழுந்தது.

ஆனால் கூழைக்கடா கண்ணுக்குத் தெரியும் பெரும்பறவை. இயல்பிலேயே குரல் மிகுதியாக எழுப்பாதது. அதற்குப் படம் போதும். கோரைக்குள் மறைந்து வாழும் கம்புட்கோழிக்கும், அந்தியில் மட்டும் குரல் கொடுக்கும் பக்கிக்கும், மழைக்குப்பின் ஓரிரவு மட்டும் முழங்கி அடங்கும் நுணலுக்கும் தேரைக்கும் எவர் படம் எடுப்பார்? அவை இருந்தன என்பதற்கும் இல்லாது போயின என்பதற்கும் ஒலி ஒன்றே சான்று. சான்று இல்லாத இழப்பை எந்த அரசும் இழப்பாகக் கொள்ளாது. ஆகலின் குரலைப் பதிவது மூச்சுக்கான போராட்டத்தின் ஒரு படைக்கலமே.

ஒலி பற்றிய சட்டமும் இக்குறையை உடையதே. 2000-ஆம் ஆண்டின் இரைச்சல் கட்டுப்பாட்டு விதிகள், தொழிற்பகுதியில் பகலில் 75, இரவில் 70 தெசிபெல் என்றும், குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவில் 45 என்றும் வரம்பு கட்டுகின்றன. வீடும் ஆலையும் ஒரே சுவரைப் பங்கிடும் வடசென்னையில் எது தொழிற்பகுதி, எது குடியிருப்பு என்னும் வினா ஒருபுறம் இருக்கட்டும். அவ்விதிகள் மிகும் ஒலியை மட்டுமே அளக்கின்றன. தவளைக் குரல் கேளாது போன கழிக்கு அவற்றில் அளவுகோல் இல்லை.

ஒலிக்கும் உரிமையாளர் உண்டு

பிரான்சில் நடந்ததை ஈண்டு நினைவுகூர்தல் தகும். ஒலேரோன் தீவில் மோரிசு என்னும் சேவல் விடியலிற் கூவுவதால் தம் உறக்கம் கெடுகின்றது என்று, விடுமுறைக்கு வந்து தங்கும் அண்டைவீட்டார் வழக்குத் தொடுத்தனர். 2019 செப்தம்பரில் வழக்குமன்றம் சேவலின் பக்கமே தீர்ப்பளித்தது. அதனோடு அந்நாட்டார் நிற்கவில்லை. நாட்டுப்புறத்தின் ஒலிகளும் மணங்களும் நாட்டின் மரபுடைமை என்று 2021 சனவரியிற் சட்டமே இயற்றினர். சேவலின் கூவலும் மாட்டு மணியின் ஓசையும் அங்குச் சட்டத்தின் காவலைப் பெற்றன.

இந்தியாவிலோ ஒலிக்குக் கிட்டிய காவல் வேறுவகையது. இந்நாட்டில் வணிகக்குறியாகப் பதிவுபெற்ற முதல் ஒலி, யாகூ என்னும் அமெரிக்க இணைய நிறுவனம் தன் பெயரை இழுத்துக் கூவும் கூவல், ஆண்டு 2008. அக்கூவல்முறை ஆல்ப்சு மலையில் ஆநிரை மேய்ப்போர் மலைக்கு மலை ஒலிக்கும் அழைப்பிலிருந்து வந்தது என்பதை எண்ணுக. மாடு மேய்ப்போனின் கூவல் ஒரு வணிக நிறுவனத்தின் உடைமையாக இந்திய அரசேட்டில் ஏறிவிட்டது. மாடு மேய்க்கும் தமிழனின் கூவலோ எந்த ஏட்டிலும் இல்லை.

அக்கூவல் எழுத்திலும் இல்லை என்பது இன்னும் ஆழ்ந்த செய்தி. உழவன் எருதை ஓட்ட நாவை மேலண்ணத்திற் சுண்டி எழுப்பும் ஒலியைத் தமிழின் 247 எழுத்தாலும் எழுதவியலாது. நாயை அழைக்க இதழ் குவித்து எழுப்பும் ஒலியும், ஆட்டை மடக்க எழுப்பும் ஒலியும், கோழிக்குத் தீனி இடும்போது பெண்டிர் எழுப்பும் ஒலியும் அத்தகையனவே. தமிழன் விலங்கோடு பேசிய மொழி அது. எழுத்தில் அடங்காத அம்மொழியை எந்தப் புலவனும் ஓலையில் எழுதி வைத்திருக்க முடியாது. அது தந்தையின் வாயிலிருந்து மகனின் காதுக்கு மட்டுமே வந்தது. இன்று மகன் ஆலைக்குச் செல்கின்றான், அல்லது வேலையின்றி வீட்டில் இருக்கின்றான், மாடு இல்லை. ஆகவே அம்மொழி தந்தையோடு அவிந்துவிடும். ஒலிப்பதிவு ஒன்றே அதற்கு ஏடும் எழுத்தாணியும்.

பெயரும் இதில் அடங்கும். இன்று கைப்பேசியை நீட்டினால் பறவையின் குரலைக் கேட்டுப் பெயரைச் சொல்லும் செயலிகள் வந்துவிட்டன. 2021 முதல் கார்னெல் பல்கலைக்கழகத்தாரின் செயலி அப்பணியைச் செய்கின்றது. எந்திரம் தானாக எதையும் அறியாது; எவரோ பதிந்து, எவரோ பெயரிட்டுத் தந்ததையே அது கற்கின்றது. தமிழர் பதியாவிடின், எண்ணூர்ப் பிள்ளை தன் கழியின் பறவையை அயன்மொழிப் பெயரால் அறிந்துகொள்ளும். ஆள்காட்டியும் உள்ளானும் பூநாரையும் அகரமுதலியில் மட்டும் வாழும். மலைப்பறவைகட்கு இந்நிலை ஓரளவு மாறியதையும் கூறுதல் வேண்டும். மேற்குத்தொடர்ச்சி மலைச்சோலைகளில் வாழும் ஒரு பறவைக்குடிக்கு 2017-இல் ஆய்வாளர் இட்ட அறிவியற் பெயரில் சோலை என்னும் சொல் ஏறி உலகெங்கும் செல்கின்றது. சோலைக்குக் கிட்டிய பெருமை கழிக்கும் கிட்டவேண்டும்.

செய்யத் தக்கன

ஒலிப்பதிவுக்குப் பெரும்பொருள் வேண்டுமென்பது இன்று பொருந்தாக் கூற்று. கையடக்கக் கருவியொன்றும், காற்றொலியைத் தடுக்க ஒலிவாங்கிக்கு ஓர் உறையும் இருந்தால் தொடங்கலாம். தொலைவிலுள்ள பறவைக்குக் குழிந்த தட்டொன்றை ஒலிவாங்கியின் பின்னே பொருத்தினால், தட்டு ஒலியைத் திரட்டி ஒரு புள்ளியிற் குவிக்கும். அதுவும் இல்லையெனின் கைப்பேசியே போதும். ஆனால் சுருக்கிய கோப்பாக அன்றிச் சுருக்காத கோப்பாகவே வைத்தல் வேண்டும். சுருக்கும்போது, மாந்தன் செவி பொருட்படுத்தாது என்று கருதிப் பொறி சில ஒலிகளை நீக்கிவிடும். அந்நீக்கத்தில் ஆய்வுக்கு வேண்டியதும் போய்விடக்கூடும்.

பொழுதும் அறிந்து செல்லுதல் வேண்டும். நண்பகலில் கடற்காற்று எழுந்து ஒலிவாங்கியை நிறைத்துவிடும். வைகறையில் காற்று தணிந்திருக்கும். பறவைகள் மிகுதியாகப் பாடுவதும் அப்போதே. ஐப்பசி, கார்த்திகை மழையிரவுகள் தவளைக்குரியன. அக்தோபர் முதல் மார்ச்சு வரை வலசைப் பறவைகளின் பருவம். வாடை, கொண்டல், கச்சான் என்று காற்றைப் பெயரிட்டு அறியும் மீனவப் பெரியோரிடம் கேட்டால், நூலில் இல்லாத இன்னும் பல கூறுவர். அவர்கள் உடனிருந்து வழிகாட்டாத பதிவு அரைகுறைப் பதிவே.

ஒவ்வொரு பதிவின் முடிவிலும் நாள், பொழுது, இடம், காற்றின் திசை, ஒலித்த உயிர், அவ்வொலிக்கு அவ்வூரார் வழங்கும் சொல் ஆகியவற்றைத் தமிழில் வாயாற் சொல்லிப் பதிதல் வேண்டும். இக்குறிப்பு இல்லாத பதிவு பெயர் எழுதாத கல்லறை போன்றது. கூடு கட்டிய பறவையை வெளிக்கொணரப் பதிந்த குரலை மீண்டும் ஒலித்துக் காட்டுதல் கூடாது. எதிரி வந்ததென்று அஞ்சிப் பறவை கூட்டை விட்டகலும். வீட்டாரின் ஆடு கோழிகளைப் பதியுமுன் அவ்வீட்டாரின் இசைவு பெறுதல் வேண்டும்.

எல்லாவற்றினும் இன்றியமையாதது ஒன்றுண்டு. ஒலிப்பதிவாளர் பலர் தூய இயற்கை ஒலி வேண்டுமென்று மலைக்கும் காட்டுக்கும் செல்கின்றனர். எந்திர ஒலி கலந்த பதிவைப் பழுதென்று கழிக்கின்றனர். வடசென்னைக்கு அம்முறை பொருந்தாது. ஆள்காட்டியின் குரலுக்குப் பின்னே சரக்குந்தின் உறுமல் ஒலித்தால் அதுவும் பதிவிருக்கட்டும். சேவலின் கூவலை ஆலைச் சங்கு விழுங்கினால் விழுங்குவதும் பதிவிருக்கட்டும். எந்த இரைச்சலை மீறி அவ்வுயிர் தன் குரலை எழுப்பியது என்பதே எண்ணூரின் உண்மை. வடித்தெடுத்த பதிவு காதுக்கு இனிமை தரலாம். வழக்குக்குச் சான்று தராது. ஒரே இடத்தில், ஒரே பருவத்தில், ஒரே பொழுதில் ஆண்டுதோறும் பதிந்து வருவதே வலிய சான்று.

இப்பணியை அரசு செய்யும் எனக் காத்திருத்தல் வேண்டா. திருவொற்றியூரின் ஒரு பள்ளி ஒரு வகுப்பைக் கழிக்கரைக்கு அழைத்துச் சென்றால் ஒலிமரபுப் பாடம் அங்கேயே உயிர்பெறும். இராயபுரத்தின் ஒரு நூலகம் ஓர் அலமாரியையும் ஒரு கணிப்பொறியையும் ஒதுக்கினால் வடசென்னை ஒலிக்காப்பகம் பிறந்துவிடும். தமிழியக்கங்கள் ஊர்தோறும் சொற்பொழிவுக்கு ஒலிபெருக்கி கட்டுகின்றன. ஓராண்டில் ஒருநாள் அவ்வொலிபெருக்கியை அணைத்துவிட்டு, ஒலிவாங்கியை மட்டும் எடுத்துக்கொண்டு கழிக்கரையில் அமைதியாக அமர்தலும் தமிழ்த்தொண்டே.

ஒலிப்பேழை நிலத்துக்கு ஈடாகாது என்பதையும் மறத்தலாகாது. கழியை மூடிவிட்டுக் கழியின் குரலைப் பேழையில் வைத்துக் கொண்டாடுவது, தாயைப் பட்டினியிட்டு அவள் படத்துக்கு மாலையிடுவதை ஒக்கும். பதிவது காக்கும் பணியின் தொடக்கமே தவிர முடிவன்று. எண்ணூர்க் கழியில் இன்றும் விடியலில் கம்புள் கூவுகின்றது. குப்பத்துக் கூரையில் சேவல் எழுப்புகின்றது. பூநாரை வரும் பருவம் தப்பாமல் வருகின்றது. அவை ஒலிக்கும்போதே செவிகொடுப்போர் எழுதல் வேண்டும். கூகை குழறும் என்று எழுதி மதிப்பெண் பெற்ற பிள்ளை, கூகை குழறுவதைக் கேட்டுத் திடுக்கிட்டு, பின் சிரித்து, அதனைத் தன் கையாற் பதிந்து வரும் நாளே ஒலிமரபு மீளும் நாள்.